மரத்தையே கேட்ட மனிதர்



விடியற்காலை நாலரை மணி. லயத்தில் ஒரு வீட்டில் விளக்கு எரியும். அடுத்த வீட்டில் அடுப்புப் புகையும். பிள்ளையை எழுப்பும் தாயின் குரல் ஒரு பக்கம், கத்தி தீட்டும் சத்தம் ஒரு பக்கம். ஒரு வாய் தேத்தண்ணி, ஓட்டமும் நடையுமாகப் பெரட்டு, அப்புறம் நிரை. நம் பாட்டன் காலத்திலிருந்து நமக்குத் தெரிந்த விடியல் இதுதான்.

இன்று செண்டாயான் பக்கம் வந்து பார்த்தால் பழைய ஆட்களுக்கு வழியே தெரியாது. பால் மரங்கள் நின்ற நிலத்தில் பண்டார் ஸ்ரீ செண்டாயான் என்று ஒரு நகரமே எழும்பி நிற்கிறது. மரம் வெட்டிய கைகள் சில செம்பனைக்குப் போயின. சில தொழிற்சாலைக்கும், சில காவல் வேலைக்கும், சில துப்புரவு வேலைக்கும் போயின. ஆனால் இருட்டோடு எழுந்து ஓடும் ஓட்டம் மட்டும் நம்மை விட்டுப் போகவில்லை.

இந்த ஓட்டத்துக்கு நடுவே நம் கிறிஸ்துவக் குடும்பங்களில் நாம் அடிக்கடி கேட்கும் குறை ஒன்று உண்டு. ஜெபம் செய்யணும்னு ஆசை இருக்கிறது, ஆனால் நிலைக்க மாட்டேங்குது என்பதே அந்தக் குறை. புது வருஷத்தில் ஆரம்பிக்கிறோம், தை முடிவதற்குள் விட்டுவிடுகிறோம். பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறினால் முழங்கால் போடுகிறோம், காய்ச்சல் இறங்கினால் ஜெபமும் கூடவே இறங்கி விடுகிறது. வாய் வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருக்கும், மனமோ பெரட்டுக் களத்தில் நிற்கும். பத்து வருஷத்துக்கு முன்பு கேட்டதையே இன்றும் கேட்கிறோம், ஓர் அங்குலம் ஆழம் போகவில்லை. இப்படி ஜெபம் மெலிந்து போன வீட்டில் கோபமும் சண்டையும் எப்படிப் புகுந்து கொள்கின்றன என்பதை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் குறைக்கு விளக்கம் சொல்லத் தத்துவம் தேவையில்லை. ஒரு மனிதரின் வாழ்க்கையைப் பார்த்தாலே போதும். அவர் தமிழர் அல்லர், பஞ்சாபி. ஆனால் தமிழ்க் கிறிஸ்துவர் வீடுகளில் இவர் பெயர் தெரியாத வீடு குறைவு. காவி உடை, தலைப்பாகை, தாடி, அமைதியான இரண்டு கண்கள் என்று அந்தப் படத்தைச் சுவரில் பார்த்திருப்பீர்கள். அவர்தான் சாது சுந்தர்சிங்.

தாய் போட்ட விதை

சுந்தர்சிங் 1889-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் நாள் பஞ்சாபில் ராம்பூர் என்ற ஊரில் பிறந்தார். வசதியான சீக்கியக் குடும்பம். தகப்பனார் ஷேர்சிங் நில புலன் உள்ளவர்.

தாயார் மிகுந்த பக்திமான். விடியும் முன்னே எழுந்து குளித்து, வேத நூல்களை ஓதிய பிறகுதான் வீட்டு வேலை. கடைக்குட்டி சுந்தருக்கும் அதே பழக்கம்தான். காலையில் பசிக்கிறது என்று வந்து நிற்பான் பிள்ளை. முதலில் ஆத்துமாவுக்கு ஆகாரம், பிறகுதான் வயிற்றுக்கு என்பது அந்தத் தாயின் கண்டிப்பு. பையன் அழுதாலும் அடம் பிடித்தாலும் சட்டம் மாறாது. ஏழு வயதிலேயே பகவத் கீதை முழுவதும் அவனுக்கு மனப்பாடம். சீக்கியர்களின் புனித நூலும் அவனுக்குப் பழக்கம். பெரியவனானதும் அவன் சாதுவாகப் போக வேண்டும் என்பது அந்தத் தாயின் கனவு.

அந்தத் தாய் கிறிஸ்துவப் பெண் அல்ல. ஆனால் பின்னாளில் உலகமே வியந்த ஒரு கிறிஸ்துவ ஜெப வீரருக்கு அதிகாலைப் பழக்கத்தைக் கொடுத்தவர் அவர்தான். சாது அவர்கள் கடைசி வரை இதை மறக்கவில்லை, மறைக்கவும் இல்லை. தாய்மார்களே, உங்கள் பிள்ளை நாளைக்கு எந்த வழி போவான் என்பது நம் கையில் இல்லை. ஆனால் விடியற்காலையில் அம்மா கண்மூடி உட்கார்ந்திருந்த காட்சி அவன் கண்ணை விட்டுப் போகாது. அதை மட்டும் நிச்சயமாகச் சொல்லலாம்.

நெருப்பு வைத்த கை

சுந்தருக்குப் பதினாலு வயது இருக்கும்போது தாயார் காலமாகி விட்டார். பையன் நிலை குலைந்து போனான். ஊரிலிருந்த அமெரிக்க மிஷன் பள்ளியில்தான் படிப்பு. அங்கே வேதாகமம் சொல்லிக் கொடுத்தது அவனுக்குப் பிடிக்கவில்லை. கிறிஸ்துவம் என்றாலே ஆத்திரம். 1904 டிசம்பரில் ஒரு நாள் நற்செய்தி நூலைக் கிழித்து, எல்லாரும் பார்க்க நெருப்பில் போட்டு எரித்தான்.

எரித்த பிறகு மனம் ஆறியதா? இல்லை. மூன்றாம் நாள் அதிகாலை மூன்று மணிக்கு எழுந்தான். பஞ்சாபின் டிசம்பர் குளிரில் பச்சைத் தண்ணீரில் குளித்தான். கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தான். கடவுள் ஒருவர் இருந்தால் தனக்குக் காட்சி தரட்டும், இல்லையென்றால் வீட்டுக்கு அருகே ஐந்து மணிக்குப் போகும் லூதியானா ரயிலில் தலையைக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்திருந்தான். வயது பதினைந்துதான்!

ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்பு அறையில் ஒளி நிரம்பியதாகவும், அதில் தான் எதிர்பார்த்த தெய்வ உருவம் இல்லாமல் இயேசு கிறிஸ்துவைக் கண்டதாகவும் அவர் வாழ்நாள் முழுவதும் சாட்சி சொன்னார். கிழித்து எரித்த கை அன்று முதல் கூப்பிய கையாக மாறிவிட்டது.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அந்த விடியற்காலைதான் அவருடைய முதல் உண்மையான ஜெபம். அதில் அழகான வார்த்தை கிடையாது, மரியாதையும் கிடையாது. சவால்தான் இருந்தது. ஆனால் முழு மனசும் அதில் இருந்தது. ஜெபம் பண்ணத் தெரியாதே என்று தயங்குகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். தெரிந்து கொண்டு ஆரம்பித்தவர் அல்ல அவர், ஆரம்பித்த பிறகுதான் தெரிந்து கொண்டார்.

வீடு போனது, வழி கிடைத்தது

குடும்பம் சும்மா விடவில்லை. கெஞ்சினார்கள், சொத்தைக் காட்டினார்கள், மிரட்டினார்கள். சீக்கியர்களுக்கு உயிரான நீள முடியை அவர் கத்தரித்த பிறகு வீட்டை விட்டே வெளியேற்றி விட்டார்கள். புறப்படும் முன் கொடுத்த உணவில் நஞ்சு கலந்திருந்தது. வழியில் உடல் மோசமாகி, ஒரு போதகர் வீட்டில் அடைக்கலம் புகுந்து, மருத்துவர் கைவிட்ட நிலையிலிருந்து பிழைத்தார்.

1905-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் நாள், தம்முடைய பதினாறாவது பிறந்த நாளில், சிம்லாவில் ஞானஸ்நானம் பெற்றார். ஒரு மாதம் கழித்துக் காவி உடை தரித்தார். கையில் ஒரு புதிய ஏற்பாடு, தோளில் ஒரு போர்வை. காலில் செருப்பு இல்லை, மடியில் காசு இல்லை. மலைப்பாதைக் கல் குத்திக் காலில் ரத்தம் வடியும். அதனால் ரத்தம் சிந்தும் கால்களின் அப்போஸ்தலர் என்றே அவருக்குப் பெயர் வந்தது. தாய் கண்ட சாதுக் கனவு பலித்தது, தாய் நினைக்காத விதத்தில்!

அவருடைய நாள் எப்படித் தொடங்கியது?

சாது அவர்களின் ஜெப முறையைப் பற்றிப் பல புத்தகங்கள் வந்திருக்கின்றன. அவற்றில் முக்கியமான ஒன்றை எழுதியவர்களில் ஒருவர் நம் தமிழர்தான். பாளையங்கோட்டையில் பிறந்து, பின்னாளில் கோயம்புத்தூர் பேராயராக இருந்த ஏ. ஜே. அப்பாசாமி அவர் பெயர். 1920-இல் ஆக்ஸ்போர்டில் சாது அவர்களோடு நேரில் பேசிப் பழகி, ஸ்டிரீட்டர் என்ற ஆங்கில அறிஞரோடு சேர்ந்து 1921-இல் அந்த நூலை வெளியிட்டார்.

முறை மிக எளிமையானதுதான். விடியும் முன் எழுவார். முதலில் வேதாகமத்தில் ஓர் அதிகாரத்தை வாசிப்பார். வாசிக்கும்போது எந்த வசனம் மனசைத் தொடுகிறதோ அதைக் குறித்துக் கொள்வார். அப்புறம் அந்த இடங்களுக்குத் திரும்பி வந்து, அவற்றை அசை போடுவார். பிறகு கொஞ்ச நேரம் மனசை ஒரு நிலைக்குக் கொண்டு வருவதற்கென்றே ஒதுக்குவார். அதற்குப் பிறகுதான் ஜெபம். அதிலும் பெரும்பகுதி வாய் பேசாத ஜெபம். சும்மா இருப்பது, கேட்பது, கடவுளோடு இருப்பது, அவ்வளவுதான்.

நாம் செய்வதைக் கொஞ்சம் ஒத்துப் பாருங்கள். உட்கார்ந்த உடனே பேச ஆரம்பிக்கிறோம். மனசு இன்னும் படுக்கையில் கிடக்கிறது, வாய் மட்டும் ஜெபிக்கிறது. பேசி முடித்த உடனே எழுந்து விடுகிறோம். வீட்டுக்கு வந்தவர் தன் கஷ்டத்தைக் கொட்டிவிட்டு, நாம் பதில் சொல்ல வாய் திறப்பதற்குள் படி இறங்கிப் போனால் நமக்கு எப்படி இருக்கும்?

விடியற்காலையை ஏன் பிடித்தார்? பால் வெட்டியவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. சூரியன் ஏறுவதற்கு முன் வெட்டினால் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏறப் பால் குறையும். அதே மரம்தான், அதே கத்திதான், நேரம்தான் வித்தியாசம். மனசும் அப்படித்தான். நாளின் கவலைகள் ஏறுவதற்கு முன் அது இளகி இருக்கும்.

பழமா, மரமா?

இப்போது சாது அவர்களின் வாழ்க்கையில் மிக முக்கியமான இடத்துக்கு வருகிறோம்.

கிறிஸ்துவரான முதல் இரண்டு மூன்று வருஷங்கள் அவரும் நம்மைப் போலத்தான் ஜெபித்தார். அது வேண்டும், இது வேண்டும் என்று குறிப்பிட்ட காரியங்களைக் கேட்டார். அப்புறம் படிப்படியாக அந்தக் கேள்வி மாறியது. கடைசியில் அவர் கேட்டது ஒன்றே ஒன்று. அதுதான் கடவுள்.

இதை விளக்க அவர் ஒரு மரத்தைக் காட்டினார். ஒரு மரம் நிறையப் பழம் இருக்கிறது. மரம் வேறொருவருடையது. ஒவ்வொரு நாளும் போய் நின்று ஒன்று இரண்டு பழம் கேட்டு வாங்கலாம், விலை கொடுத்தும் வாங்கலாம். நாளைக்கு மறுபடியும் போய் நிற்க வேண்டும். ஆனால் அந்த மரமே நமக்குச் சொந்தமாகி விட்டால்? பழம் கேட்க வேண்டிய வேலையே இல்லை. கடவுளைக் கேட்பது மரத்தைக் கேட்பது போன்றது என்பது அவர் கருத்து.

தோழர்களே, இந்த உவமையின் அர்த்தம் நம்மை விட வேறு யாருக்குத் தெரியும்? தலைமுறை தலைமுறையாக ஆயிரக்கணக்கான மரங்களுக்கு நடுவே வாழ்ந்தோம். ஒரு மரமாவது நமக்குச் சொந்தமாக இருந்ததா? நம் கையில் வாளியும் கத்தியும் இருந்தன. மரம் துரையுடையது. தோட்டம் கைமாறியபோது ஒரு நோட்டீஸ் வந்தது, வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு கிளம்பினோம். சொந்தம் இல்லாததால் வந்த வேதனை நமக்குத் தெரியும்.

நம் ஜெபம் ஏன் நிலைக்கவில்லை என்பதற்குப் பதிலும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. பழத்துக்காக மட்டும் போகிறவன், பழம் கிடைத்தால் போவதை நிறுத்திக் கொள்வான். கிடைக்காவிட்டால் வெறுத்துப் போய் நிறுத்திக் கொள்வான். இரண்டிலும் முடிவு ஒன்றுதான். காய்ச்சல் இறங்கியதும் ஜெபம் இறங்கியது இதனால்தான். ஆனால் ஒருவரோடு இருப்பதற்காகவே போகிறவனுக்கு நிறுத்தக் காரணம் கிடைக்காது. சும்மா பார்த்துவிட்டு வரத் தாய் வீட்டுக்குப் போகிறோமே, அது போல.

அப்படியானால் எதையும் கேட்கக் கூடாதா? அப்படியில்லை. சாது அவர்களே அங்கேதான் தொடங்கினார். குழந்தை முதலில் பாலுக்குத்தான் அழும். ஆனால் இருபது வயதிலும் அம்மாவிடம் அழுகையைத் தவிர வேறு பேச்சே இல்லை என்றால், எங்கேயோ கோளாறு இருக்கிறது.

அளவு மீறிய நாள்

பெரியவர்கள் எல்லாம் தவறே செய்யாதவர்கள் என்று எழுதுவது நம் வழக்கம் அல்ல. சாது அவர்களும் ஒரு முறை அளவு மீறிப் போனார்.

1913-ஆம் ஆண்டு, இயேசுவைப் போல நாற்பது நாள் உபவாசம் இருப்பது என்று தீர்மானித்து, ஹரித்துவாருக்கும் டேராடூனுக்கும் இடைப்பட்ட காட்டுக்குள் போனார். நாள் கணக்குக்காக நாற்பது கற்களை எடுத்து வைத்துக் கொண்டார். தினம் ஒரு கல்லை அப்புறப்படுத்துவது ஏற்பாடு. ஆனால் சில நாட்களிலேயே கண் மங்கி, காது மந்தமாகி, கல்லைக் கூட எடுக்க முடியாமல் கிடந்தார். காட்டுக்குள் வேலைக்கு வந்தவர்கள் கண்டு தூக்கிப் போனதால்தான் உயிர் மிஞ்சியது. நாற்பது நாள் முடியவில்லை.

ஆனால் அந்த நாட்களில் ஒரு பெரிய சமாதானம் தமக்குள் வந்ததாக அவர் சொன்னார். அதன் பலன் என்ன தெரியுமா? அற்புதம் எதுவும் இல்லை. முன்பெல்லாம் நாள் முழுக்க உழைத்துக் களைத்து உட்காரும்போது யாராவது பேச வந்தால் அவருக்கு எரிச்சல் வரும். அந்த எரிச்சல் போய்விட்டது! ஜெபம் ஆழமாகிறதா என்பதைச் சோதிக்க இதைவிட நல்ல உரைகல் நமக்குத் தெரியவில்லை. வேலை முடிந்து வந்து பிள்ளை மேல் எரிந்து விழுவது குறைந்திருக்கிறதா? பக்கத்து வீட்டுக்காரரோடு குழாயடிச் சண்டை குறைந்திருக்கிறதா? குறைந்திருந்தால் ஜெபம் வேர் பிடிக்கிறது என்று அர்த்தம். இல்லையென்றால் இரண்டு மணி நேரம் சத்தம் போட்டு ஜெபித்தாலும் அது தொண்டைக்கு வேலை, அவ்வளவுதான்.

அந்த உபவாசம் நமக்கு இன்னொன்றையும் சொல்கிறது. பால் மரத்தை ஒரே நாளில் ஆழமாக வெட்டினால் என்ன ஆகும்? காயம் பட்டு, முடிச்சு விழுந்து, பட்டை கெட்டுப் போகும். நல்ல வெட்டு என்பது மெல்லிசாகச் சீவுவது. முறை தவறாமல் அதே நிரைக்கு வந்து சீவுவது. அப்படி வெட்டினால் மரம் வருஷக்கணக்கில் பால் கொடுக்கும். ஒரு நாள் இராத்திரி முழுக்க விழித்து ஜெபித்துவிட்டு, ஒரு மாதம் விட்டுவிடுவது ஆழ வெட்டு. தினம் கால் மணி நேரம் என்பது சீவல் வெட்டு.

மலையில் இருந்து இறங்கியவர்

ஜெபம் என்றால் உலகத்தை விட்டு ஓடுவது என்று நினைப்பவர்கள் உண்டு. சாது அவர்கள் இமயமலையை நேசித்தார், தனிமையை நேசித்தார். ஆனால் அங்கேயே தங்கிவிடவில்லை. தொடக்க நாட்களில் சபாத்து என்ற ஊரில் தொழுநோயாளர் இல்லத்தில் வேலை செய்தார். 1908 முதல் திபெத்துக்குப் பலமுறை நடந்தே போனார்.

அவர் சொன்ன ஒரு நிகழ்ச்சி பலருக்குத் தெரிந்திருக்கும். கடும் பனியில் ஒரு திபெத்தியரோடு மலைப்பாதையில் போய்க் கொண்டிருந்தார். வழியில் சரிவில் ஒரு மனிதன் விழுந்து குற்றுயிராகக் கிடந்தான். நின்றால் நாமும் சாவோம் என்று உடன் வந்தவர் தம் வழியே போய்விட்டார். சாது அந்த மனிதனை முதுகில் சுமந்து கொண்டு நடந்தார். சுமந்ததால் உடம்பு சூடேறியது, அந்தச் சூட்டில் முதுகில் இருந்தவனும் பிழைத்தான். கொஞ்ச தூரம் போனதும், முன்னால் போனவர் பனியில் விறைத்து இறந்து கிடப்பதைக் கண்டார்கள். தன்னைக் காப்பாற்றிக் கொள்ள ஓடியவன் செத்தான், பிறனைச் சுமந்தவன் பிழைத்தான்.

அவர் சொன்ன திபெத்து அனுபவங்கள் சிலவற்றைப் பற்றி 1920-களில் ஐரோப்பாவில் பெரிய வாதப் பிரதிவாதமே நடந்தது. நம்பியவர்களும் இருந்தார்கள், மறுத்தவர்களும் இருந்தார்கள். அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல நாம் உட்காரவில்லை. அவர் தினமும் ஜெபித்தார் என்பதிலும், அது அவரைக் கடின மனிதராக்காமல் கனிந்த மனிதராக்கியது என்பதிலும், அவரோடு நெருங்கிப் பழகியவர்களுக்குச் சந்தேகம் இருக்கவில்லை. நமக்கு வேண்டியது அதுதான்.

நம் நாட்டு வழியே

1918-ஆம் ஆண்டு சாது அவர்கள் தென்னிந்தியாவுக்கு வந்தார். சென்னை, திருவிதாங்கூர் என்று போன இடமெல்லாம் கூட்டம். அங்கிருந்து இலங்கை. அதன் பிறகு பர்மா, மலாயா, சிங்கப்பூர் வழியாக ஜப்பானுக்கும் சீனாவுக்கும் போனார். அப்போது இந்த மண்ணில் காடு அழிந்து ரப்பர் வளர்ந்து கொண்டிருந்தது. நம் முன்னோர்கள் கப்பலேறி வந்து கங்காணியின் கீழ் நிரை பிடித்த காலம் அது.

இலங்கையில் ஒரு நோயாளிப் பையனுக்காக, அவன் தாய் கெஞ்சியதால், அவர் ஜெபித்தார். பையன் தேறிவிட்டான். உடனே மக்கள் அவர் கையில் ஏதோ சக்தி இருப்பதாக எண்ணி மொய்க்கத் தொடங்கினார்கள். சாது அவர்கள் அதை விரும்பவில்லை. இது மூடநம்பிக்கையை வளர்க்கும் என்று, அதன் பிறகு அப்படிப்பட்ட காரியத்தைத் தவிர்த்துக் கொண்டார். இன்றைக்கு அற்புதம் காட்டுகிறோம் என்று நோட்டீஸ் அடிக்கும் காலத்தில் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அந்தப் பயணத்தில் அவரைச் சந்தித்து வாழ்க்கை மாறியவர்களில் ஒருவர், நாம் மேலே சொன்ன அப்பாசாமி அவர்களின் தகப்பனார். பாளையங்கோட்டை வழக்கறிஞர். சைவ குடும்பத்தில் பிறந்து கிறிஸ்துவரானவர். சாது அவர்களைக் கண்ட பிறகு, தம் முதுமையில், புதிதாக ஆரம்பிக்கும் மாணவனைப் போல அமைதியான தியான ஜெபத்தில் இறங்கினார். வயசாகிப் போச்சு, இனி என்ன என்று சொல்கிறவர்களுக்கு இவரே பதில்.

பதினாலு வருஷம்

சுந்தரை வீட்டை விட்டு விரட்டிய தகப்பனார் ஷேர்சிங் என்ன ஆனார்? 1905-இல் மகனை வெளியேற்றியவர், 1919-இல் அதே மகனின் வழியில் தாமும் கிறிஸ்துவரானார். 1920-இல் சுந்தர் இங்கிலாந்து போகக் கப்பல் செலவைக் கொடுத்தவரும் அவர்தான்.

நடுவில் எத்தனை வருஷம்? பதினாலு! வாசல் சாத்திய தகப்பன் திரும்பி வர அத்தனை நாள் பிடித்தது. ஒரு வாரம் ஜெபித்துவிட்டுக் குடிகாரக் கணவன் திருந்தவில்லையே, பிள்ளை கேட்கவில்லையே என்று சோர்ந்து போகும் சகோதரிகளே, இந்தப் பதினாலை மனசில் எழுதிக் கொள்ளுங்கள்.

1920-லும் 1922-லும் சாது அவர்கள் மேல்நாடுகளில் சுற்றுப்பயணம் செய்தார். ஆயிரக்கணக்கான மக்கள் திரண்டார்கள். பத்திரிகைகள் எழுதின. அவருக்கோ அந்த இரைச்சலில் தனிமை கிடைக்கவில்லையே என்ற ஏக்கம்தான். திரும்பி வந்து, நூல்கள் எழுதினார். உடல் நலம் கெட்டது, கண் பார்வையும் மங்கியது. அப்படி இருந்தும் 1929 ஏப்ரலில், முப்பத்தொன்பது வயதில், சபாத்துவிலிருந்து மறுபடியும் திபெத்துக்குப் புறப்பட்டார். போனவர் திரும்பவே இல்லை. நண்பர்கள் தேடினார்கள், தடயம் இல்லை. 1933-இல் அரசாங்கம் அவர் இறந்தவராக ஏற்றுக்கொண்டது. அவருக்குக் கல்லறை கிடையாது. மலையே கல்லறை.

நாம் என்ன செய்யலாம்?

நமக்குக் காவி வேண்டாம், இமயமலையும் வேண்டாம். குடும்பம் இருக்கிறது, வேலை இருக்கிறது, கடன் இருக்கிறது. ஜெபித்தால் சம்பளம் கூடும் என்றும் நாம் சொல்லவில்லை. சம்பளத்துக்குச் சங்கம் இருக்கிறது. உரிமையைக் கேட்க வேண்டிய இடத்தில் எழுந்து நின்று கேட்கத்தான் வேண்டும். ஜெபம் அதற்குப் பதிலி அல்ல. கேட்கும்போது கை நடுங்காமலும், கிடைக்காதபோது மனசு கசந்து போகாமலும் இருக்க அது துணை.

சாது அவர்களின் வாழ்க்கையிலிருந்து நம் அளவுக்கு ஐந்து காரியங்களை எடுத்துக் கொள்ளலாம்.

ஒன்று, நேரத்தை நிலைப்படுத்துங்கள். மூன்று மணி உங்களுக்கு வராது. நாலரைக்கு எழுகிறவர் நாலேகாலுக்கு எழுந்தால் போதும். இரவு ஷிப்டு முடித்து வருகிறவருக்குக் காலை எட்டு மணியே விடியற்காலை. எந்த நேரம் என்பதைவிட அதே நேரம் என்பதுதான் முக்கியம்.

இரண்டு, பேசுவதற்கு முன் வாசியுங்கள். பத்து வசனம் போதும். மனசில் பட்ட ஒரு வரியைக் கையோடு வேலைக்கு எடுத்துப் போங்கள். ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கு நடக்கும்போதும், குலை தள்ளிக்கொண்டு வரும்போதும் அதை அசை போடலாம். அதற்குக் கிராணி கூலி பிடிக்க மாட்டார்.

மூன்று, வாயை மூடிக் கொஞ்ச நேரம் உட்காருங்கள். முதலில் இரண்டு நிமிஷம் கூட மலையாகத் தெரியும். மனசு ஓடும், கூப்பிட்டுக் கொண்டு வாருங்கள். மறுபடியும் ஓடும், மறுபடியும் கூப்பிடுங்கள். அப்படிக் கூப்பிடுவதே ஜெபம்தான்.

நான்கு, விட்டுப் போன நாளை நினைத்து மறுகாதீர்கள். மழை பெய்தால் பால் வெட்டு இல்லை. அதற்காக மரத்தை விட்டுவிட்டா போகிறோம்? மறுநாள் அதே நிரைக்குத்தான் போகிறோம். விட்ட நாளுக்காக இரட்டிப்பாக ஜெபிக்கவும் வேண்டாம். வழக்கமான கால் மணியோடு மறுபடி தொடங்குங்கள்.

ஐந்து, கேட்பதைக் கடைசியில் வையுங்கள். முதலில் மரம், பிறகு பழம்.

தோழர்களே! இந்த மண்ணில் நாம் பால் எடுத்த மரங்கள் எல்லாம் அடுத்தவர் சொத்தாகவே இருந்தன. பாதி மரங்கள் இன்று இல்லவே இல்லை. நோட்டீஸ் கொடுத்து யாரும் பிடுங்க முடியாத ஒரு மரம் உண்டு என்று, நம் தாத்தாக்கள் காலத்தில் இந்த நாட்டு வழியே வெறுங்காலோடு நடந்து போன அந்த மனிதர் கண்டிருந்தார். அவருக்கு அது ஒரே நாளில் சொந்தமாகவில்லை. ஒவ்வொரு விடியலாகச் சொந்தமானது.

நாளைக் காலை உங்கள் வீட்டில் விளக்கு எரியும்போது, அடுப்பைப் பற்ற வைப்பதற்கு முன் ஒரு கால் மணி நேரம் ஒதுக்கிப் பாருங்கள். தேத்தண்ணி கொஞ்சம் தாமதமாக வந்தால் ஒன்றும் குடி முழுகிப் போகாது!